மேற்படிப்புக்குப் பணம்: நிலத்தை விற்குமுன் விசாரிக்க வேண்டியவை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்களில் ஒருவர் மேலும் படிக்க விரும்பினால், குடும்பத்தாரின் கண் முதலில் நிலப்பத்திரத்தின்மேல்தான் செல்கிறது. காணியை விற்றுப் படிக்க வைப்பது பெருந்தியாகமே. ஆயினும் அத்தியாகம் அவசியந்தானா என்று முதலில் விசாரித்தறிவது நம் கடமையாகும்.

விசாரிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, திறமைக்குக் கிடைக்கும் உபகாரச் சம்பளம். பொறியியல் பட்டதாரி 'கேட்' என்னும் அகில இந்தியத் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்கள் பெறலாம். முதுகலை முடித்தவர் 'நெட்' தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறி டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் சேர்ந்தால், 2023இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

இரண்டாவது, குடும்ப நிலையைக் கருதி அளிக்கப்படும் உதவி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பட்ட மேற்படிப்பிலும் உதவித்தொகை உண்டு. 1913இல் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தைக் கொண்டே. இன்று மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடருடன் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் எட்டு லட்சம் ரூபாய்க்குள்ளும், வயது 35க்குள்ளும், மதிப்பெண் நூற்றுக்கு 60க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

இவை போதாவிடில் மூன்றாவதாகக் கடனை நாடலாம். நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024இல் ஏற்பட்ட பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள கல்வி நிலையங்களில் சேர்வோர் ஈடும் ஜாமீனுமின்றிக் கடன் பெறலாம். கடனை வட்டியுடன் திருப்பித் தர வேண்டுமாதலால், அதைக் கடைசியில் வைத்தோம்.

இவ்வளவு வழிகளிருந்தும் பிள்ளைகள் இழப்பது ஏன்? செய்தி நாள் கடந்து வந்து சேர்கிறது. வந்தபின் சான்றிதழ் கையில் இருப்பதில்லை. வருமானச் சான்று ஓராண்டே செல்லும். கடைசித் தேதிக்கு முந்திய நாள் இ-சேவை மையத்திற்கு ஓடினால், கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் அன்றே கையெழுத்திட இயலுமா? விதைக்கும் பருவம் தவறினால் விளைச்சல் இல்லையென்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கல்லூரியின் இறுதியாண்டில் படிப்போர் யாவரென ஒரு பட்டியல் எழுதுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை அவர்கள் முன்னதாகவே பெறச் செய்யுங்கள். 'கேட்' தேர்வு விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு இறுதியில் தொடங்குவதால், ஆகஸ்டு 15 கிராம சபையில் அதனை அறிவியுங்கள். உதவித்தொகை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்போரை நம்பலாகாது என்றும் எச்சரியுங்கள்.

இதற்கு ஊராட்சி நிதியில் ஒரு ரூபாயும் செலவில்லை. கவனம் ஒன்றே வேண்டும். நிலமும் நிலைத்து, பிள்ளையின் படிப்பும் நிறைவேற நாம் அனைவரும் முயல்வோமாக.