அடிபட்டு விழுந்த பல்லைக் காப்பாற்றும் முறை
(ராயப்பன்பட்டிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



திராட்சைப் பந்தலின் கல்தூணில் மோதியோ, மாடு முட்டியோ, சடுகுடு ஆட்டத்தில் அடிபட்டோ ஒருவருக்கு முன்பல் வேரோடு கழன்று விழுதல் நேரக்கூடியதே. அப்பொழுது வீட்டார் இரத்தத்தை நிறுத்துவதிலேயே கருத்தாயிருந்து, பல்லை மண்ணிலே விட்டுவிடுகின்றனர். அல்லது பாற்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது போல் இதனையும் எறிந்துவிடுகின்றனர். பாற்பல் போனால் வேறு பல் முளைக்கும். நிலைப்பல் போனால் மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அதனை அதன் குழியிலேயே திரும்பப் பொருத்த இயலும் என்பதைப் பலர் அறியார்.

பறித்த நாற்றின் வேர் உலர்ந்தால் நடவு பிடிக்குமா? பல்லும் அவ்வாறே. அதன் வேரின்மேல் உயிருள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது உலர்ந்து மடிந்தால் பல் தாடையோடு முறைப்படி ஒட்டாது. டென்மார்க் தேசத்து ஆண்ட்ரியாசென் என்பாரும் அவருடைய துணைவரும் 110 பற்களை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அரை மணிக்குள் பொருத்தப்பட்ட பற்களில் நூற்றுக்கு 90 வேர் கரையாமல் நின்றன. இரண்டு மணிக்குமேல் வெளியே கிடந்தவற்றிலோ நூற்றுக்கு 95 கரையலாயின.

ஆதலால் செய்யவேண்டுவன இவை. அடிபட்டவர் மயங்கினாலும் வாந்தியெடுத்தாலும் தலைக்காயமே முதற்கவலை. உடனே 108க்குச் சொல்லவேண்டும். அவர் தெளிவாயிருந்தால் பல்லைத் தேடி, வெண்மையான மேற்பாகத்தைப் பிடித்து எடுக்கவேண்டும். வேரைத் தொடலாகாது, தேய்க்கலாகாது. மண் ஒட்டியிருப்பின் பாலில் அலசலாம். பால் இல்லையேல் குளிர்ந்த தூய நீரில் பத்து விநாடிக்கு மேற்படாமல் அலசலாம். பிறகு முன்புறம் முன்னாக இருக்குமாறு குழியில் மெல்லச் செருகி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யவேண்டும்.

செருக இயலாவிடின், ஆறிய பாலுள்ள மூடிய பாத்திரத்தில் பல்லை இட்டுச் செல்லவேண்டும். பாலின் உப்புச்சத்து உடலின் நீருக்கு ஒப்பாக இருப்பதால் சவ்வு சில மணி நேரம் உயிரோடிருக்கும். வெறுந்தண்ணீரில் அது ஊறி வெடித்துவிடும். மோரும் தயிரும் புளிப்பால் கெடுக்கும். சூடான பால் கூடாது. காயத்தில் கரியோ, விபூதியோ, மஞ்சளோ வைக்கலாகாது.

பாற்பல்லைத் திரும்பச் செருகலாகாது. அடியிலுள்ள புதுப்பல்லுக்குச் சேதம் நேரலாம். எந்தப் பல் என்று ஐயமிருந்தால் பாலிலிட்டு வைத்தியரிடம் காட்டுவதே நலம்.

தாமதமின்றி உத்தமபாளையம் அல்லது கம்பம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள பல் வைத்தியரிடமோ செல்லவேண்டும். வைத்தியர் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சுமார் இரண்டு வாரம் கட்டிவைப்பார். வேர்ச் சிகிச்சையும், ஏற்பு வராதிருக்க ஊசியும் தேவைப்படலாம். அதுவரை மெல்லிய உணவே உண்ணவேண்டும்.

பால் ஊற்றும் அங்கத்தினர் வீட்டில் மருந்து தயாராகவே இருக்கிறது. வேண்டுவது அறிவும் விரைவுமே. இவ்விஷயத்தை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பாராயின், ஊரில் ஒரு பிள்ளையின் முன்பல்லாவது கூரைமேல் போகாது நிற்கும்.