பூந்தோட்டத்தில் ஓர் ஓடை

சிகிரியாவின் மேற்கு வாயிலால் நுழைபவர் பெரும்பாலும் குன்றை நோக்கியே விரைவர். சுவரோவியங்களைக் காணும் ஆவல் அத்தகையது. வழியின் இருமருங்கிலுமுள்ள நீர்ப்பூங்காவை நின்று பார்ப்பவர் சிலரே. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, காசியப்ப மன்னன் காலத்தில் அமைந்த அப்பூங்காவில், வளைந்து வளைந்து செல்லும் ஆழமற்ற ஓடைகள் உள்ளன. ஓடைகளின் அடியிற் சலவைக்கற் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. இடையிடையே துளையிட்ட வட்டச் சுண்ணாம்புக் கற்களுண்டு. நிலத்தடிக் கால்வாய்களால் வரும் நீர், தன் அமுக்கத்தினாலேயே அத்துளைகளின் வழியாக மேலெழும். மாரிகாலத்தில் இக்காலத்தும் அவை நீர் சொரிவதுண்டு.

நீரூற்றைக் கண்டு வியப்பது இயல்பே. ஆயினும் வீட்டுத் தோட்டத்தில் ஓடை அமைக்க விரும்புவோர் உற்றுநோக்க வேண்டியது ஓடையின் அடித்தளத்தையாகும். வரண்ட வலயத்திலே, மண்ணுக்கும் நீருக்குமிடையே கல்லை இட்ட பின்னரே அக்காலத்தவர் நீரை ஓடவிட்டனர்.

இன்றைய தோட்டத்தில் மின்சாரப் பம்பு தடாகத்து நீரை மேட்டுக்கு ஏற்றுகிறது. ஓடை அதனை மீண்டும் தடாகத்தில் சேர்க்கிறது. சுழன்று வருவது ஒரே நீரேயாதலின் செலவு சிறிதென்று வீட்டார் எண்ணுவர். ஆடி ஆவணியிற் கிணறு தாழும்போதுதான் கணக்குப் பிழைத்தமை புலனாகும். மாலைதோறும் பல வாளி நீரைத் தடாகத்திற் சேர்க்க வேண்டியிருக்கும். பழி வெயிலின் மேல் விழும். பாவம், வெயில்! கடுங்கோடையிலும் அது நாளொன்றுக்குக் கால் அங்குல அளவு நீரையே கொள்ளும். இரண்டு அங்குலம் குறைந்தால் ஒழுக்கு இருத்தல் வேண்டும்.

அதனை அறிவது எளிது. பம்பை நிறுத்தித் தடாகத்தை நிரப்பி, நீர்மட்டத்தைக் குறித்து ஓரிரவு விடுக. மட்டம் மாறாதிருந்து, பம்பு ஓடும்போது மட்டும் குறைந்துகொண்டே போகுமாயின், குற்றம் ஓடையிலேயே உள்ளது.

பலர் உடனே விரிப்பில் ஓட்டை தேடுவர். பெரும்பாலும் ஓட்டை இராது. நீர் ஒளிந்து செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று வளைவு, அங்கே நீர் வெளிக்கரையில் உயர்ந்தோடும். இறப்பர் விரிப்பின் ஓரம் அந்த உயரத்துக்கு மேல் 4 அங்குலமாவது ஏறியிருத்தல் வேண்டும். அன்றேல் ஓரத்து மண்ணும் புல்லும் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுத்துவிடும். மற்றையது அருவி விழும் படி. தட்டைக்கல்லை விரிப்பின்மேல் வெறுமனே வைத்தால் நீர் கல்லின் மேலால் வராது, கீழால் நழுவிப்போகும். கல்லைச் சீமெந்துச் சாந்தில் இருத்தி, இரண்டு அங்குலம் முன்னே நீட்டிவிட்டாற்றான் அருவி அருவியாக விழும். விரிப்பை இரு துண்டாக இடுவதாயின், கூரை ஓட்டைப்போல மேற்றுண்டு கீழ்த்துண்டின்மேற் படிதல் வேண்டும்.

ஓடையை ஒரே சரிவாக வெட்டுவதும் தவறு. படிப்படியாக, ஒவ்வொரு படியும் சிறு குழிபோல நீரைத் தேக்கும்படி வெட்டினால், பம்பு நின்ற பின்னும் ஓடை வரண்ட வடுவாய்க் கிடவாது.

தடாகத்தின் அளவையும் முன்னரே நோக்குதல் நன்று. 20 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள ஓடையில் ஓடும் நீர் ஓரங்குலம் உயர்ந்தால், ஏறத்தாழ 20 கலன் நீர் தடாகத்தை விட்டு ஓடையில் நிற்கும். பம்பை நிறுத்தியதும் அவ்வளவும் திரும்பிவரும். தடாகம் விளிம்புவரை நிறைந்திருந்தால் அது முற்றத்திலேதான் பாயும்.

படிகளிற் தேங்கும் நீரில், பம்பு ஒரு வாரம் ஓடாதிருப்பின், நுளம்பு பெருகிவிடும். டெங்கு பரவும் நாட்டில் இதனைப் பொருட்படுத்தாது விடலாகாது. நாள்தோறும் சிறிது நேரமாவது பம்பை ஓட்டுதலும், குழிகளிற் சிறு கப்பி மீன்களை விடுதலும் உதவும். புதுச் சீமெந்தில் ஊறிய நீர் மீனுக்கு ஆகாது. அதனைப் பலமுறை நிரப்பி இறைத்த பின்னரே மீன்களை விடுதல் வேண்டும்.