கப்பல் பயணமும் சாப்பாட்டு வேளையும்

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

சபையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வயதில் என்னைவிடச் சிறியவர்களானாலும் என்னைவிட அதிக மாத்திரை சாப்பிடும் நண்பர்களுக்கும் என் நமஸ்காரம்.

அலாஸ்கா போய் வந்த அனுபவத்தைப் பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். பனிமலை, திமிங்கிலம், கப்பலுக்குள் இருக்கும் நீச்சல் குளம் இவற்றைப் பற்றியெல்லாம் போய் வந்தவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். சர்க்கரை வியாதி உள்ளவர் கப்பலில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது? இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு ராத்திரி வரையில்.

நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தில் 36 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். உத்தியோகத்தில் இருந்தபோது டூர் புரோகிராம் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. எந்த ரயில், எந்த கெஸ்ட் ஹவுஸ், எத்தனை மணிக்கு ஜீப் என்று எல்லாம் முன்கூட்டியே காகிதத்தில் இருக்கும். அப்படிப்பட்டவன் சொந்த மனைவி விஷயத்தில் கோட்டை விட்ட கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் மனைவிக்கு வயது 68. சர்க்கரை வந்து 19 வருஷம் ஆகிறது. கடைசி ஆறு வருஷமாக இன்சுலின், காலையும் மாலையும். 30/70 என்று சொல்கிறார்களே, அந்தக் கலவை. அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது. போட்ட அரைமணியில் ஆரம்பித்துவிடும். மீதி 70 பங்கு மெதுவாக, ஏறக்குறைய அரை நாள் வேலை செய்யும். அதனால் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்குத் தட்டு. காலையிலும் அப்படியே, ராத்திரியிலும் அப்படியே. கையெழுத்தாகி டெஸ்பாட்ச் ஆன ஆர்டரைத் திரும்ப வாங்க முடியாது அல்லவா? இன்சுலினும் அப்படித்தான். ஊசி உள்ளே போய்விட்டால், சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது விசாரிக்காது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும்.

2024 ஜூன் மாதம் சியாட்டிலில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை எங்களுக்குத் தெரியாமலே ஏழு ராத்திரி அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். கோடைக்காலத்தில் சியாட்டில் நேரம் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். இங்கே ராத்திரி ஏழரை என்றால் அங்கே காலை ஏழு. இரண்டு வேளை ஊசி போடுகிறவர்களுக்கு நேரம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடுகிறது. ஆனால் காலை அளவும் மாலை அளவும் வேறு வேறாக இருக்குமே! எந்த ஊசியில் எந்த அளவு என்று கிளம்புவதற்கு முன்பே எங்கள் டாக்டர் அட்டவணை எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் சியாட்டிலில் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கும் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் ஜாக்கிரதை போய்விடுகிறது.

கப்பலில் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் ராத்திரி சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஐந்தரைக்கு, இரண்டாம் பந்தி எட்டேகாலுக்கு. குழந்தைகள் விளையாடிவிட்டு வரட்டும் என்று பெண் இரண்டாம் பந்தியைக் கேட்டிருந்தாள். எட்டேகால் என்று காகிதத்தில் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிஷம்தானே வித்தியாசம் என்று விட்டுவிட்டேன். அது போதாதென்று, அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் என்பதால், முதல் நாள் ராத்திரியே கப்பலின் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஆக, கப்பலில் எட்டேகால் என்றால் பழகிய உடம்புக்கு ஒன்பதேகால். இந்தக் கணக்கு எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இரண்டாம் நாள் முழுக்க கடலில். அன்று ராத்திரி எல்லோரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு வரவேண்டிய விருந்து. ஏழேமுக்காலுக்கு என் மனைவி அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டாள். “ஏன்னா, ஊசி போட்டுண்டாச்சு, கிளம்பலாமா?” என்றாள். “இரு, டை கட்டிக்கிறேன்” என்றேன். பத்து வருஷமாகக் கட்டாத டை. முடிச்சு வர நேரமாயிற்று. வழியில் போட்டோ எடுக்க ஒரு வரிசை; அதில் நின்றோம். மேஜையில் உட்காரும்போது எட்டரை. ஆர்டர் எடுத்தபோது எட்டே முக்கால். அவளுக்கு வந்த சூப்பில் கோழிச்சாறு கலந்திருக்கிறது என்று தெரிந்து திருப்பி அனுப்பினோம். இந்தியச் சைவச் சாப்பாடு தனியாகச் சமைத்து வர வேண்டும், கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். மேஜை மேல் ரொட்டிக் கூடை இருந்தது. அதில் முட்டை சேர்த்திருக்குமோ என்று அவள் தொடவில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பனிப்பாறை ஏன் நீலமாக இருக்கிறது என்று பேரன் கேட்டான். ஒளியில் சிவப்புப் பகுதியை அடர்ந்த பனி உறிஞ்சிக்கொள்கிறது, நீலம் மட்டும் தப்பித்து வருகிறது என்று நாப்கினில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியதை நான் பார்க்கவில்லை. பெண்தான் பார்த்தாள். “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. அவள் தன் நாப்கினை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள்.

பரிமாற வந்த பையன் மங்களூர்க்காரன். ஒரு பார்வையில் புரிந்துகொண்டான். ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தான். “எங்கப்பாவுக்கும் சுகர் சார்” என்று ஹிந்தியில் சொன்னான். அரை டம்ளர் குடிக்க வைத்தோம். குளூக்கோமீட்டர் அறையில் அல்லவா இருக்கிறது! மாப்பிள்ளை போய் எடுத்துவந்து பார்த்தபோது, ஜூஸ் குடித்துக் கால் மணி ஆன பிறகும், 64தான் காட்டியது. இன்னொரு அரை டம்ளர் கொடுத்தோம். அடுத்த கால் மணியில் 92. அப்புறம்தான் சாப்பாடு வந்தது. அவளும் பேச ஆரம்பித்தாள்.

அறைக்கு வந்ததும் பெண் அழுதுவிட்டாள். “படபடன்னு வரச்சேயே ஏம்மா சொல்லலை?” என்று கேட்டாள். அதற்கு என் மனைவி சொன்ன பதில்: “எல்லாரும் சந்தோஷமா பேசிண்டிருந்தேள். என்னால எதுக்குக் கலாட்டான்னு இருந்தேன்.”

அன்பர்களே, இங்கேயுள்ள தாய்மார்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது, தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது, இதையெல்லாம் நம் வீடுகளில் நல்ல குணம் என்று சொல்லி வளர்த்துவிட்டோம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல குணம் அல்ல, ஆபத்து. சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். இன்னும் இறங்கினால் புத்தி தடுமாறும். அப்போது சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. சொல்ல முடிகிறபோதே சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் நான் செய்ததை, கப்பல் ஏறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தின் தலைவரைப் பார்த்து, மறைக்காமல் சொன்னேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஐந்தரைப் பந்தி எங்களுக்கு மிகவும் சீக்கிரம். காலை ஊசிக்கும் மாலை ஊசிக்கும் இடைவெளி குறைந்துவிடும். நேரக் கட்டுப்பாடு இல்லாத இன்னொரு கூடத்தில் தினம் ஏழு மணிக்கு ஒரே மேஜை எங்களுக்கு என்று ஒதுக்கினார். மறுநாள் என்ன வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும். சூப்புக்குக் காத்திராமல் ரொட்டி, பருப்பு, காய் உட்கார்ந்தவுடன் வந்துவிடும். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கிடைப்பதைக் கேட்காமல் இருந்தது எங்கள் தவறு.

அதன் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். மேஜை தயார், சமையல் தயார் என்று அறையிலிருந்து போன் செய்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் ஊசி. ஊசி போட்டபின் டையும் இல்லை, போட்டோவும் இல்லை.

கரை இறங்கும் நாட்களில் மத்தியானச் சாப்பாடுதான் தகராறு. ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். போய் வர பஸ்ஸுக்குக் காத்திருப்பு, திரும்பக் கப்பலில் ஏறச் சோதனை வரிசை. ஸ்காக்வேயில் 1900ல் கட்டி முடித்த குறுகிய பாதை ரயிலில் மலையேறினால் அரை நாள் ஓடிவிடும். காலை ஊசியின் மெதுவான பங்கு மத்தியானம்தான் மும்முரமாக வேலை செய்யும். நடையும் சேர்ந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும். அதனால் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம், வறுத்த வேர்க்கடலை, குளூக்கோஸ் மாத்திரை இவை எப்போதும் அவள் பையில் இருக்கும். கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு சங்கடம் வெளிச்சம். ஜூனோவில் ஜூன் மாதம் சூரியன் அஸ்தமிக்க ராத்திரி பத்து மணி ஆகிறது. வெளியே பார்த்தால் சாயங்காலம் நாலு மணி மாதிரி இருக்கும். செல்போனோ ஒரு நேரம் சியாட்டில் மணி காட்டும், ஒரு நேரம் அலாஸ்கா மணி காட்டும். என் பழைய ஹெச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, சாவி கொடுத்து, அதை மட்டுமே நம்பினேன். அது ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

போகப்போகிறவர்களுக்காகச் சில குறிப்புகள். அலாஸ்கா என்றில்லை, சிங்கப்பூர் போனாலும், மும்பையிலிருந்து கோவா போனாலும் இவை பொருந்தும்.

ஒன்று. டிக்கெட் வாங்கும்போதே சர்க்கரை வியாதி, சைவம், முட்டை கூடாது என்ற மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். எந்தப் பந்தி என்பதை வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள், குழந்தைகளின் சௌகரியத்தைப் பார்த்து அல்ல.

இரண்டு. இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு. விமானத்தின் அடித்தட்டுக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உபயோகமில்லை. உபயோகத்தில் இருக்கும் பாட்டில் சுமார் நாலு வாரம் சாதாரண அறைச் சூட்டில் இருக்கலாம்.

மூன்று. இது மிக முக்கியம். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது 100 யூனிட். நம் ஊர் சிகப்பு மூடி சிரிஞ்சில் அந்த மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே போதுமான மருந்தையும் சிரிஞ்சையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். உபயோகித்த ஊசியைப் போடக் கப்பலில் தனி டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு. சர்க்கரை இறங்கினால் 15 கிராம் சர்க்கரை: மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்த தண்ணீரோ, அரை டம்ளர் ஜூஸோ. 15 நிமிஷம் கழித்துப் பாருங்கள்; 70க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கப்பல் டாக்டரைக் கூப்பிடுங்கள். குளூக்கோமீட்டர் அறையில் அல்ல, கூடவே இருக்கட்டும்.

ஐந்து. இன்சுலின் போடாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் சர்க்கரை இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. புது மாதிரி இன்சுலின்களில் சில, சாப்பிட உட்கார்ந்தபின் போட்டுக்கொள்ளக்கூடியவை. உங்களுடையது எது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.

கடைசி நாள் ராத்திரி அந்த மங்களூர்ப் பையனைத் தேடிப்போய் விடைபெற்றோம். என் மனைவி அவனிடம், “உங்கப்பா நேரத்துக்குச் சாப்பிடறாரான்னு தினம் போன்ல கேளு” என்றாள். நான் ஹிந்தியில் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு மாறுதல். ஏழு மணிக்கு ஊசி போட்டதும் அவள் வாய் திறந்து சொல்கிறாள்: “ஏன்னா, போட்டுண்டாச்சு.” நான் என்ன வேலையாக இருந்தாலும், பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தட்டைப் போடுகிறேன்.

இங்கேயும் மணி ஏழு ஆகப்போகிறது. சபையில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டிபன் பரிமாற்றம் நேரத்துக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொண்டு, பேச்சை முடித்துக்கொள்கிறேன்.