ராஜலிங்கம் தொடங்கிய பள்ளிக்கூடம்



மலையகம் என்றதும் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயர்தான் முதலில் வாயில் வரும். அவருக்குத் தோள் கொடுத்து நின்று, 1963இல் நம்மை விட்டுப் போன கே. ராஜலிங்கம் ஐயாவை இன்று நினைத்துக்கொள்வோம். மலையக காந்தி என்று சனம் கொண்டாடிய மனிதர் அவர்.

இருவரும் ஒரே மலைப்பாதைக்காரர்கள். தொண்டமானுக்கு றம்பொடையில் சொந்தத் தோட்டம், ராஜலிங்கம் புசல்லாவைக்காரர். 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான் வென்றார், நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் வென்றார். காங்கிரஸுக்கு மொத்தம் ஏழு ஆசனம். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாக்களித்த சனத்தின் பெயர்களே இடாப்பில் இல்லை.

ஆனால் ராஜலிங்கம் செய்த ஒரு வேலையில் எந்தச் சட்டமும் கைவைக்க முடியவில்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறு மூலையில் அரிச்சுவடி. அதற்கு மேல் படிக்க வழியில்லை. உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் பிள்ளை தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் போய் நிற்கும். அந்த நாளில்தான் புசல்லாவையில் அவர் சரஸ்வதி வித்தியாலயத்தைத் தொடங்கினார். லயத்துப் பிள்ளை மேல்வகுப்பு வாசலை மிதித்தது. இன்று அது சரஸ்வதி மத்திய கல்லூரி.

பறிபோன பிரஜாவுரிமையை முழுதாக மீட்க 2003 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டும் நம் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டது படிப்புத்தான். ஆசிரியராக, எழுத்தாளராக, தொழிற்சங்கவாதியாக நின்று உரிமை கேட்டவர்கள் இத்தகைய பள்ளிக்கூடங்களிலிருந்துதான் வந்தார்கள்.

ஆகவே ராஜலிங்கம் ஐயாவுக்கு மாலையும் மலரும் போதாது. கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் மலையகப் பாடசாலைகள் இன்றும் தவிக்கின்றன. நமது சங்கம் ஆண்டுதோறும் ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்று, அங்கே ஓர் ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுக்கட்டும். அந்தத் தீர்மானத்தை இன்றைய பொதுக்கூட்டத்திலேயே நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.