ஸ்டடி நோட்டை மூடாதீர்கள்

கலை படித்து இன்று பட்டம் பெறும் இளம் நண்பர்களே, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாளை முதல் உங்களிடம் யாரும் ஸ்டடி, அதாவது பார்த்துப் படிப்பதற்காகப் போடும் பயிற்சிப் படம், கேட்கப் போவதில்லை. இத்தனை ஆண்டுகளாக லைஃப் ஸ்டடி, ஸ்டில் லைஃப், அவுட்டோர் என்று வாரம் தவறாமல் செய்து கொடுத்தீர்கள். பார்த்துத் திருத்த ஒருவர் இருந்தார். இனி கண்காட்சிக்குப் படம் கேட்பார்கள், விளம்பரத்துக்குக் கேட்பார்கள், கல்யாண ஆல்பத்துக்குக் கேட்பார்கள். எல்லாரும் கேட்பது முடிந்த படத்தைத்தான். என்னோடு படித்த கெட்டிக்காரர்கள் பலர் சில ஆண்டுகளிலேயே ஸ்டடி செய்வதை விட்டார்கள். அதன்பின் வரைந்ததையே வரைந்தார்கள். ஞாபகத்தில் இருந்த கையையும் காலையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

எழுபதுகளில் நான் மாணவன். சென்னை மிருகக்காட்சி சாலை அப்போது வண்டலூருக்குப் போகவில்லை. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்தது, ஊர்க்காரர்கள் உயிர் காலேஜ் என்பார்கள். காலையில் பலகையோடு போய்ச் சிறுத்தைக் கூண்டின் முன் உட்கார்ந்துவிடுவோம். சிறுத்தை ஒரு நொடி நிற்காது. எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொல்லித் தந்தார். ஒரே தாளில் நாலைந்து இடத்தில் ஆரம்பி. அது திரும்பும்போது ஒன்று, தலையைத் தாழ்த்தும்போது ஒன்று. மூன்று கோடு போடுவதற்குள் நிலை மாறிவிடும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. அந்த மூலைக்கு அது மறுபடி வரும், அதே தோளோடு திரும்பும். அப்போது பழைய கோட்டைத் தொடர். மதியம் ஆகும்போது தாளில் முழுச் சிறுத்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் முன்னங்கால் தரையில் ஊன்றும்போது தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேலே எழும்பி நிற்பது எங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். இன்று எந்தப் பூனையைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஸ்டடி என்றால் சின்ன அளவில் போட்ட படம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்துக்கு ஆயிரம் பொறுப்பு உண்டு. ஸ்டடிக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தோள் எப்படித் திரும்புகிறது? இந்த மேகத்தின் அடிப்பாகம் ஏன் கறுத்திருக்கிறது? இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டிலிருந்து வானத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1822இல் மட்டும் ஐம்பது போல. பலவற்றின் பின்புறம் தேதி, மணி, காற்று வீசிய திசை எல்லாம் எழுதியிருக்கிறார். சரியாக நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் கேமராவை மேகங்கள் பக்கம் திருப்பினார். பத்து ஆண்டுக்கும் குறையாமல் அதையே எடுத்தார். ஒருவர் கையில் தூரிகை, ஒருவர் கையில் கேமரா; இருவரும் உட்கார்ந்து படித்தது ஒரே பாடத்தை.

ஸ்டடி பற்றிய கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது பிகாசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தின் கதை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்கிறேன், இங்கும் சொல்லாமல் போக மாட்டேன். 1937 ஏப்ரல் 26ஆம் தேதி குவெர்னிகா என்ற ஸ்பானிய ஊரின் மீது குண்டு விழுந்தது. மே 1ஆம் தேதி பாரிஸில் பிகாசோ முதல் ஸ்டடிகளைப் போட்டார். காளை, குதிரை, விளக்கை நீட்டும் பெண் மூவரும் அன்றைக்கே தாளில் வந்துவிட்டார்கள். சாதாரண ஆள் அதோடு எழுந்துபோய்க் கித்தானில் வரைந்திருப்பார். பிகாசோ நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்டடிகள் செய்தார். குதிரைத் தலை தனியாக, அழும் பெண்ணின் முகம் தனியாக, செத்த குழந்தையும் தாயும் தனியாக. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேதி போட்டார். ஏழே முக்கால் மீட்டர் அகலமுள்ள கித்தானில் அவர் வேலை செய்யச் செய்ய, டோரா மார் என்ற புகைப்படக்காரர் கட்டம் கட்டமாகப் படம் எடுத்தார். அவர் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் படத்தில், விழுந்து கிடக்கும் வீரனின் கை முஷ்டி மடக்கி நேராக வானத்தை நோக்கி எழுந்து நிற்கிறது. அடுத்ததில் அந்தக் கை ஒரு கதிர்க் கொத்தைப் பிடித்திருக்கிறது, பின்னால் பெரிய சூரியன். அதன்பின் கை காணாமல் போகிறது. தரையை நோக்கித் தொங்கிய குதிரைத் தலை நிமிர்ந்து நடுவுக்கு வருகிறது. எழுந்து நின்ற அந்த முஷ்டி எவ்வளவு சுலபமாகக் கைதட்டல் வாங்கியிருக்கும்! அதை எடுத்துவிட அவருக்குத் துணிவு வந்தது. மாற்றிப் போட்டுப் பார்த்துப் பழகியவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். படம் ஜூன் முதல் வாரத்தில் முடிந்தது. அழும் பெண்ணை அவர் அந்த அக்டோபர் வரை விடவில்லை.

டோரா மார் அன்று கேமராவோடு இல்லாவிட்டால் அந்தக் கை நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அதனால்தான் என் மாணவர்களை நச்சரிப்பேன்: தேதி போடு, மணி போடு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எழுது, எதையும் கிழிக்காதே. போனில் எடுப்பவர்களுக்கும் இதுவேதான். விரலை எடுக்காமல் அமுக்கி வைத்தால் சில நொடிகளில் நூறு படம் சேர்ந்துவிடும். அன்று மாலையே தொண்ணூற்றெட்டை அழித்தும் விடுகிறீர்கள். நூறு படம் எடுத்ததாலேயே அது ஸ்டடி ஆகிவிடாது. பொருள் ஒன்றாக இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் குடைமிளகாயை எத்தனையோ விதமாக வைத்து எடுத்துப் பார்த்தவர். 1930இல் அதை ஒரு தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் வளைவு வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பிவிட, காய் உடம்பு போல உருண்டு எழுந்தது. அந்தப் படத்தின் பெயரே 'பெப்பர் நம்பர் 30'. நம் ஊரில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். ஆனந்த விகடனில் அவருடைய 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பல வீடுகளில் பிள்ளைகள் பென்சிலைப் பிடித்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மகனோ ஒரு வாரமாக ஒரே செம்பருத்தியை வரைந்துகொண்டிருந்தால், வேலை எப்போது தேடுவாய் என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். அதுவும் வேலைதான்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். வெளியே போகும் இவர்களுக்கு வடக்கு வெளிச்சம் விழும் அறை கிடைக்காது, மாடலை அமர்த்தத் தனி ஆளுக்குக் கட்டுப்படியும் ஆகாது. சனிக்கிழமைகளில் லைஃப் ஸ்டடி கூடத்தைப் பழைய மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். புகைப்பட இருட்டறையையும் சேர்த்தே கேட்கிறேன். முதல் ஓராண்டுக்கு மாடல்களுக்கான சம்பளத்தை நான் தருகிறேன். உடம்பு ஒத்துழைக்கும் வாரங்களில் நானும் பலகையோடு வந்து பின்வரிசையில் ஓர் இடம் பிடித்துக்கொள்வேன்.