சீக்கு நாளின் கூலிக்கு யார் பொறுப்பு?

(மஞ்சக்குப்பம் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சின்னப் பட்டறைக்காரனை நெருக்கி, தொழிலாளிக்கு இன்ஷூரன்ஸ் கட்டச் சொல்வது நியாயமா? அவனே கடன்காரனாயிற்றே, அவன் வயிற்றில் அடிக்கலாமா? இப்படிக் கேட்பவர்கள் நம் ஆட்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு இதையே பேசிவிடுகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர், பேர் வேண்டாம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு ஒரு அம்மாளுக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா?" என்றேன். "மருந்து சும்மா தருவாங்கண்ணே, அன்னைக்கு உலைக்கு அரிசி யாரு தருவா?" என்றார்.

பிரச்னை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நம்மில் பலரிடம் உண்டு. பெரிய ஆபரேஷனுக்கு உதவும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து பாயில் கிடக்கும் நாட்களுக்கு அட்டை கூலி தராது. இ.எஸ்.ஐ. தருகிறது. உரிய சந்தா கட்டியிருந்தால், சீக்கில் படுத்த நாட்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70. வேலையில் காயம் பட்டு வேலைக்கு வர முடியாவிட்டால் நூற்றுக்கு 90. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. குடும்பத்துக்கு வைத்தியம் தனி.

செலவு என்ன? மாதம் 12,000 ரூபாய் கூலி என்றால் தொழிலாளி பங்கு 90, முதலாளி பங்கு 390. பன்னிரண்டு பேருக்கு முதலாளி கட்டுவது 4,680 ரூபாய். இதனால் பட்டறை மூடியவனை நான் பார்த்ததில்லை. கந்துவட்டியால் மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நான் மட்டும் கட்டினால் பக்கத்து ஊர்க்காரன் மலிவாக விற்பானே" என்கிறான் சின்ன முதலாளி. இது புதிய பேச்சல்ல. 1948ல் சட்டம் வந்தது. முதலில் சில ஊர்களில் மட்டும் என்றபோது பெரிய ஆலை முதலாளிகளே இப்படித்தான் முறையிட்டார்கள். பதில் என்ன? 1951ல் சட்டத்தைத் திருத்தி, திட்டம் வராத ஊர் முதலாளிகளிடமும் ஒரு பங்கு வசூலிக்க வழி செய்தார்கள். 1952 பிப்ரவரி 24ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955ல் நம் கோயம்புத்தூருக்கு வந்தது. எல்லோரும் கட்டினால் எவனும் தோற்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு பட்டறைக்காரனைப் பிடித்து மிரட்டுவது நம் வேலையல்ல. நெருக்குதல் எல்லோர் மீதும், சட்டத்தின் வழியாக வரவேண்டும்.

அந்தச் சட்டத்தில்தான் ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு மின்சக்தியில் ஓடும், 20 பேர் உள்ள ஆலைக்குத்தான் சட்டம். பின்னால் 10 பேர் ஆயிற்று. உடனே என்ன நடந்தது? கொட்டகையில் 14 பேர், ரிஜிஸ்தரில் 9 பேர்! 2025 நவம்பர் 21ல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே 10தான். பத்துக்குக் குறைந்தால் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் ஒப்பினால் சேரலாமாம். முதலாளி ஒப்பாவிட்டால்? கதவு சாத்தியதுதான். இந்த எண்ணை எடுத்தெறியச் சொல்லிப் போராட வேண்டும். ஐந்து பேர் வைத்திருப்பவனால் நிஜமாகவே முடியவில்லை என்றால் அவன் பங்கில் பாதியைச் சர்க்கார் போடட்டும். தொழிலாளி தலையில் ஏன் விழ வேண்டும்?

விவசாயத் தோழர்கள் "எங்களுக்கென்ன?" என்கிறீர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் நிற்கிற அதே கைகள்தானே மற்ற மாதங்களில் கொட்டகையில் முந்திரி உடைக்கின்றன? வயலுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. கொட்டகைக்கு உண்டு. ஆனால் சீக்குக்கால உதவி பெற, அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். ரிஜிஸ்தரில் பேர் இல்லை என்றால் அந்த 78 நாளும் காற்றோடு போயிற்று.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேலை செய்த தேதி, வாங்கின கூலி, உடன் வேலை செய்தவர் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். மனு அதிலிருந்து எழுதுவோம்.