ஸ்டீயரிங் கனத்தால் எழுதிக் கொடு!



2025 மே 13, செவ்வாய்க்கிழமை காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவிற்குக் காவல் நின்றுவிட்டு, ஈப்போ சுங்கை செனாம் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் கலகத் தடுப்புப் போலீசார். அவர்களுடைய டிரக்கும் கல் ஏற்றி வந்த லாரி ஒன்றும் மோதின. ஒன்பது பேர் மாண்டார்கள். நமது திருவிழாவுக்குக் காவல் இருந்தவர்கள்! போக்குவரத்து அமைச்சு அமைத்த பணிக்குழுவின் ஆய்வில், லாரியின் ஸ்டீயரிங் பழுதும், அனுமதித்த அளவை மிஞ்சிய பாரமும் வெளிப்பட்டன. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. ஸ்டீயரிங் எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்துகொள்வது நமது வேலை.

பால்மரம் வெட்டுகிறவருக்கும் கணக்கு எழுதும் கிராணிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. வெட்டுக்கத்தி பிடித்தவர்களின் பிள்ளைகள் குலை லாரியும் கல் லாரியும் ஓட்டுகிறார்கள். சம்பந்தம் அதுதான்.

பவர் ஸ்டீயரிங் என்பது எண்ணெயின் பலம். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டன் முன்சக்கரங்களைத் திருப்பத் தள்ளுகிறது. டிரைவரின் கை பெரும்பாலும் வழியைக் காட்டுவதோடு சரி. அமெரிக்காவில் லாரி எஞ்சினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926-இல் இதை ஓட்டிக் காட்டினார். எஞ்சின் அணைந்தால் இந்த உதவியும் அணைந்துவிடும். இரும்புத் தொடர்பு மிஞ்சும். ஆனால் பார வண்டியை வெறுங்கையால் வளைப்பது லேசான காரியமா? டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைக்கிற பழக்கம் உயிருக்கு உலை வைக்கும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். இது எரிந்து தீரும் எண்ணெய் அன்று. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். தினமும் ஊற்றி ஊற்றி ஓட்டுவது வைத்தியம் ஆகாது. நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றவேண்டும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன எண்ணெயைத்தான் ஊற்றவேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுப்போகும். (அந்த வளையங்கள் நமது பால்மரத்து ரப்பரால் ஆனவை அல்ல, நமது ரப்பர் எண்ணெய் பட்டாலே உப்பிவிடும். ஆகவே அங்கே செயற்கை ரப்பர்தான்.)

ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள்! குழாயில் எண்ணெயின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் ஏறக்கூடும். ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் பாய்ந்துவிடும். எறும்பு கடித்ததுபோலத் தோன்றும். ஆனால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒழுகலைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

வளையத்தைக் கடைசிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடிக்காதீர்கள்; பம்பு சூடேறித் தேய்ந்துவிடும்.

எண்ணெய் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. வண்டிக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் வளையத்தை இடமும் வலமும் சிறிது அசைக்கட்டும். இன்னொருவர் எட்ட நின்று கீழே இருக்கும் தண்டுகளையும் மூட்டுகளையும் கவனிக்கட்டும். வளையம் அசைந்தும் சக்கரம் அசையத் தாமதித்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. நட்டைப் பூட்டும் பின் இருக்கிறதா என்று பாருங்கள். பின் போன இடத்தில் கம்பி கட்டுவது, ஒடிந்த தண்டை ஒட்டவைத்து ஓட்டுவது, இவற்றுக்கு உடன்படவே கூடாது. பாரம் மிஞ்சினால் இந்த மூட்டுகள்தாம் முதலில் அடி வாங்கும்.

வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் நாட்களில் பரிசோதகர் டிரைவர்தான். "ஸ்டீயரிங் கனக்கிறது" என்று அவர் சொன்னால், "எண்ணெய் ஊற்றிக்கொண்டு இன்னும் ஒரு நடை போய்வா" என்ற பதில் நமக்குப் புதிதன்று. வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். கிராணிமார் துணை இங்கேதான் வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ஆம் ஆண்டினது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள அதன் திருத்தப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

டிரைவர் எழுதத் தயங்கினால் கிராணி எழுதிக் கொடுக்கட்டும்: தேதி, வண்டி நம்பர், என்ன கோளாறு, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னது. இரண்டு பிரதி. ஒன்று ஆபீசுக்கு, மற்றது, வாங்கியவரின் கையெழுத்தோடு, டிரைவரின் சட்டைப்பையில்.